கரி பஸ்ஸில் காட்டிய படம்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மதுரையைத் தாண்டினாலே சீமைக்குப் போனது போலத்தான். நான் சிவகாசியில் பிறந்து, கல்லில் படம் எழுதி அச்சடிக்கிற கூடத்தில் கல் தேய்த்து ஆளானவன். அப்படிப்பட்டவனை ஒரு பங்குனி மாதக் காலையில் முதலாளி கூப்பிட்டு, "நீ திருத்தணிக்குப் போறே" என்றார். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ரயிலில் ஏறினவன் எப்போது இறங்குவான் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியாது.

காரணம் ஒரு காலண்டர். முந்தின வருஷம் நாங்கள் போட்ட திருத்தணி முருகன் காலண்டரை, அந்தப் பக்கத்து வெல்லமண்டிக்காரர் ஒருவர் கட்டுப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். "இது எங்கள் மலை இல்லை, பழனி. எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கிறது" என்று ஒரு கடிதம் வேறு. அவர் சொன்னது நியாயம்தான். எங்கள் ஓவியர் திருத்தணியைப் பார்த்தவர் அல்ல. பழனி மலையையே கொஞ்சம் உயரம் குறைத்து ஒப்பேற்றியிருந்தார்.

"அங்க முனிரத்தினம்னு ஒருத்தன் இருக்கானாம். நாடகத்துக்குத் திரை எழுதுறவன். அவன் காடு எழுதினா, நடிக்க வந்தவன் திரைக்குள்ள நடந்து போயிருவானாம். மலையும் மரமும் பச்சைப் பசேல்னு ஒரு படம் வாங்கிட்டு வா. முருகனை நம்ம ஆளு இங்க நிறுத்திக்கிடுவான்" என்றார் முதலாளி. ஒரு சிறு பெட்டி வர்ணமும் கொடுத்தார். கப்பல் போக்குவரத்து நின்றுபோன நாளில் அந்தப் பெட்டி நகைப்பெட்டிக்குச் சமம். "படம் இல்லாம வந்தா மறுபடி கல் தேய்க்கப் போயிரு" என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் முதலாளி சிரித்துக்கொண்டு சொன்னது எதுவும் நடக்காமல் போனதில்லை.

பட்டாளத்து ரயில்களுக்கெல்லாம் வழிவிட்டு வழிவிட்டு, மூன்றாம் நாள் உச்சிவெயிலில் திருத்தணியில் இறங்கினேன். இறங்கினதும் மூக்கில் ஏறியது விபூதி வாசனை அல்ல, எரிந்த புல்லின் நெடி. நிமிர்ந்து பார்த்தேன். கோயில் மலை தவிரச் சுற்றிலும் இருந்த குன்றுகள் எல்லாம் கறுத்துக் கிடந்தன. எங்கள் ஊர் மண்ணும் கறுப்புத்தான். ஆனால் அது மழை விழுந்தால் பருத்தி தருகிற கறுப்பு. இது எதையும் தராது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. பலகையில் பெரிதாகத் தெலுங்கு, அதற்குக் கீழே இடம் மிஞ்சிய அளவுக்குத் தமிழ். திருத்தணி சித்தூர் ஜில்லாவில் அல்லவா, சர்க்கார் காகிதம் எல்லாம் தெலுங்கில்தான்.

"சோறு ஒரு கரண்டிதாங்க. கூப்பன் அரிசி. அப்பால களிதான். புளிச்சகீரை கீது, தொட்டுகினு சாப்பிடுங்க" என்றார் கடைக்காரர்.

எங்கள் ஊர்க் கம்பஞ்சோறு தொண்டையில் நின்று யோசித்துத்தான் கீழே இறங்கும். இந்தக் களி யோசிக்கவே இல்லை. கீரையின் புளிப்பும் காரமும் சேர்ந்து, இரண்டு நாள் ரயில் பசிக்கு அமிர்தமாக இருந்தது. பக்கத்துப் பலகையில் இரண்டு பேர் தெலுங்கில் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சண்டை என்று கேட்டேன்.

"சண்டை இல்லீங்க. முந்தாநேத்து அந்த மலை, நேத்து இந்த மலை, இன்னிக்கு எது எரியும்னு பந்தயம் கட்டிகினு கீறாங்க" என்றார் கடைக்காரர், இலையில் இன்னொரு உருண்டையை வைத்துக்கொண்டே.

சாயங்காலம் படியேறி முருகனைக் கும்பிட்டேன். சூரனோடு போர் முடித்த கோபம் தணிந்து சாமி உட்கார்ந்த மலை இது என்பார்கள். மேலே நின்று பார்த்தால் நாலு திசையிலும் நாலு புகை. ஒரு பச்சைப் படம் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கேட்டதைக் கொடுக்கிற சாமி அவர். கொடுத்துவிட்டார் என்பதுதான் இந்தக் கதை.

மறுநாள் கே.ஜி.கண்டிகைக்குப் பஸ். பெட்ரோல் கிடைக்காத காலமாகையால் எல்லாம் கரி பஸ்தான். வண்டியின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய். அதில் மூட்டை மூட்டையாக மரக்கரியைக் கொட்டி, கிளீனர் கை விசிறியைச் சுற்றுசுற்றென்று சுற்றி, அந்தப் புகையில் இன்ஜின் ஓடும். சமவெளியில் மாட்டு வண்டிக்குக் கொஞ்சம் முன்னால் போகும். மேடு வந்தால் நின்றுவிடும். கண்டிகைக்கு இப்பால் ஒரு மேடு உண்டு. அங்கே எல்லாரும் இறங்கித் தள்ளினோம். கிளீனர் முகத்தில் வெளுப்பாக இருந்தது பல் மட்டும்தான்.

கண்டிகையிலிருந்து மேற்கே இரண்டு மைல் நடந்தால் முனிரத்தினத்தின் ஊர். ஊர் எல்லையில் முழங்கை வரை கரி அப்பிய ஒரு ஒல்லி ஆள் வந்தார். கரி சுடுகிறவர் போலிருக்கிறது என்று எண்ணி, "முனிரத்தினம் வீடு எது அண்ணாச்சி?" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"படம் எழுதுறவராம். அவரைப் பாக்கணும்."

"பாத்துட்டீங்களே" என்றார் அவர்.

வயது நாற்பதுக்குள் இருக்கும். நெசவுக்காரக் குடும்பம். நூலுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு தறிக்குழி வெறுங்குழியாகக் கிடந்தது. துணி கிடைக்காததால் நாடகக்காரர்கள் திரை எழுதச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள். மனைவி ராஜம்மா அவருடைய அத்தை மகள். அவரைப் பாவா என்றுதான் கூப்பிட்டார். வேர்க்கடலையை வேகவைத்து ஒரு கூடையில் கொண்டுவந்து வைத்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். முனிரத்தினம் உள்ளே போய் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து பிரித்தார். பழைய நாடக நோட்டீஸ்களின் பின்புறம் எழுதிய படங்கள்.

ஒன்றைப் பார்த்தேன். எரிகிற மலை. அடுத்ததைப் பார்த்தேன். எரிந்த மலை. அப்புறம் எரிந்து நிற்கிற ஒற்றை மரம், அதற்கு அடுத்ததில் இன்னொரு மரம். இப்படியே கட்டு முழுவதும் கறுப்பு. எழுத்து என்றால் அப்படி ஓர் எழுத்து! தீ ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் காகிதத்தைத் தள்ளிப் பிடிக்கத் தோன்றும். ஆனால் இதை யார் கூடத்தில் மாட்டி, பக்கத்தில் ஊதுபத்தி கொளுத்துவார்கள்? எனக்குக் கல் தேய்க்கிற கொட்டகை கண் முன்னால் வந்து நின்றது.

"இது என்ன மரம்?" என்று எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"இலுப்பை. அதே இலுப்பையோட கரியில போட்டது."

"அப்படின்னா?"

"நெருப்பு அணைஞ்ச அப்பால போவேன். எந்த மரம் எரிஞ்சுதோ அதுல ஒரு துண்டு எடுத்துகினு, அது நின்ன எடத்துலயே குந்திகினு, அதாலயே அத போடுவேன். ஒரு மரத்துக் கரியால இன்னொரு மரத்த போட மாட்டேன்."

"எரியாத மரத்தை எப்படிப் போடுவீங்க?"

"கரி ஏது? எதால போடறது?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

இந்த மனிதரிடமா பச்சை மலை வாங்க வந்தோம் என்று நொந்துபோனேன். ராஜம்மாவுக்கு என்மேல் இரக்கம். "நல்லதா நாலு படம் போடுன்னா கேக்கவே மாட்டாரு சார். வூட்ல எதைத் தொட்டாலும் கை கறுப்பாவுது. நேத்து மோர்ல கரி" என்றார்.

அன்று சாயங்காலம் அவரே எனக்கு மலைகளைக் காட்டினார். ஒவ்வொன்றையும் சுட்டி, அது எந்த மாதம் எரிந்தது என்று சொன்னார். நம் ஊரில் சாவு விழுந்த வீடுகளைச் சொல்லுவார்களே, அந்தக் குரலில்.

"முன்னெல்லாம் ஆட்டுக்காரங்க புல்லுக்கு நெருப்பு வைப்பாங்க. புல்லு எரியும், மரத்துக்குக் காலு சுடும், அவ்ளோதான். ஆடி மழைக்குத் துளுத்துக்கும். இப்ப அப்படி இல்லீங்க. பச்சை மரம் வெட்டக் கூடாது, பட்ட மரம் வெட்டலாம்னு உத்தரவு. பஸ்ஸுக்கு கரி வேணும். அப்ப மரம் பட்டாகணும் இல்லீங்களா?" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. மரம் படவேண்டும் என்றே தீ வைக்கிறார்கள் என்று விளங்கியபோது, காலையில் நான் தள்ளிக்கொண்டு வந்த பஸ் நினைவுக்கு வந்தது.

இரண்டு நாள் அவர் வீட்டிலேயே கிடந்தேன். காலையில் கூழ், பகலில் களி, சாயங்காலம் வேர்க்கடலை. கெஞ்சினேன், முதலாளியைப் பற்றிச் சொன்னேன், வர்ணப் பெட்டியைத் திறந்து காட்டினேன். அந்தப் பச்சைக் குப்பியை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் திரும்ப வைத்துவிட்டார். கடைசியில் ராஜம்மாதான் சொன்னார்: "கன்னிமடுவ காட்டேன் பாவா. பாவம், அவ்ளோ தூரத்துல இருந்து வந்துகீறாரு."

முனிரத்தினம் மனைவியை முறைத்த முறைப்பில் நானே பயந்துவிட்டேன். ஆனால் மறுநாள் விடியுமுன் என்னை எழுப்பி, "வாங்க" என்றார்.

கரிந்த சரிவில் ஒரு மணி நேரம் ஏறினோம். காலடியில் சாம்பல் பறந்தது. மேலே இரண்டு பெரிய பாறைகள், இரண்டு மாடுகள் தோள் உரசிக்கொண்டு நிற்பது போல நின்றன. அவற்றின் நடுவே ஒருக்களித்து நுழைந்தால்தான் உள்ளே போக முடியும். நுழைந்தேன்.

நான் கரிசல் காட்டில் வளர்ந்தவன். கருவேலையும் பனையையும் பார்த்து மரம் என்றால் இவ்வளவுதான் என்று நினைத்தவன். அங்கே ஒரு மடு. அடிமணல் தெரிகிற தண்ணீர். அதைச் சுற்றி நாவல், மருதம், காட்டுமா. வெயில் தரையில் விழவே இல்லை. ஒரு மருதம், மூன்று ஆள் கை கோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். எங்கோ ஒரு பறவை தண்ணீர் சொட்டுவது போலக் கூவிக்கொண்டிருந்தது. நான் அழுதுவிட்டேன். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. பார்த்தவன் யாராக இருந்தாலும் அழுதிருப்பான்.

"இது ஒண்ணுதான் மிச்சம். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், ஆட்டுக்காரங்க நாலு குடும்பத்துக்குத் தெரியும். சித்திரையில ஆட்டுக்கு இங்கதான் தண்ணி. இதுக்குள்ள வந்தா பீடி கூட புடிக்க மாட்டாங்க" என்றார் முனிரத்தினம்.

"இதைப் போடுங்க" என்றேன்.

"மாட்டேன்."

"ஏன்?"

"உசுரோட கீறத போட்டதில்ல. பயமா கீது."

அவர் சின்னப் பிள்ளை மாதிரி அதைச் சொன்னார். நான் விடவில்லை. எனக்குப் பேச வரும். கல் தேய்த்தவனை வசூலுக்கும் கொள்முதலுக்கும் முதலாளி அனுப்பியதே இந்த வாய்க்காகத்தான். "எரிஞ்சதை எல்லாம் போட்டீங்க. இது எரியாம நின்னுதுன்னு சொல்ல ஒரு படம் வேண்டாமா? நாளைக்கு உங்க ஊர்ப் பிள்ளைகள் மலைன்னா கறுப்புன்னு நினைச்சிருமே. எத்தனை வீட்டுச் சுவர்ல இந்த மடு தொங்கும், யோசிச்சுப் பாருங்க" என்றேன். கொஞ்சம் முதலாளிக்காகப் பேசினேன், கொஞ்சம் உண்மையாகவே பேசினேன்.

அவர் மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். பச்சை என்று நாம் சொல்வது ஒன்றல்ல என்று அங்கேதான் கண்டேன். மருத இலையின் பச்சை வேறு, நாவல் கொழுந்தின் சிவப்போடிய பச்சை வேறு, தண்ணீருக்குள் விழுந்த பச்சை வேறு. அந்த இரண்டு பாறைகளையும் உள்ளபடியே எழுதினார். பொய்யாக ஒரு கிளைகூட இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் தூரிகையைக் கழுவி என்னிடமே கொடுத்துவிட்டார்.

"பேரு போடாதீங்க. எந்த எடம்னு யாரு கேட்டாலும் சொல்லாதீங்க. அவ்ளோதான் நான் கேக்கறது" என்றார்.

"தணிகைமலை மேல சத்தியம். சொல்ல மாட்டேன்" என்றேன். அதைச் சொல்லும்போது என் மனசில் களங்கமில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

படத்தைச் சுருட்டித் தகரக் குழலில் போட்டுக்கொண்டு, கண்டிகையில் அரக்கோணம் பஸ் ஏறினேன். வழக்கம் போல அந்த மேட்டில் வண்டி நின்றது. தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. "கரி ஈரம். புது நெருப்பு போட்டு ஏத்தணும், அரை மணி ஆவும்" என்றார் டிரைவர். எல்லாரும் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தோம்.

என் பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் குடையுமாக ஒரு பெரியவர். முகத்தில் நல்ல களை. ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். புளியோதரை! ஒரு வாரமாகக் களி தின்ற எனக்கு, நல்லெண்ணெய் மணம் மூக்கில் ஏறியதும் கண் அதை விட்டு நகரவில்லை. அவர் பார்த்துவிட்டார். பாதியைப் பிரித்து இலையோடு நீட்டினார். "சாப்பிடுங்க சார். வெளியூரா? எங்க ஊரு உங்களுக்கு ஒத்துக்காது" என்றார். யுத்த காலத்தில் அரிசிச் சோற்றில் பாதியைக் கொடுக்கிறவன் எப்படிப்பட்ட மனிதன்! நெகிழ்ந்துபோனேன். குழலில் என்ன என்று கேட்டார். படம் என்றேன். பார்க்கலாமா என்றார். பிரித்தேன்.

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். "ஊட்டியா?" என்றார் ஒருவர். "மலையாளம்" என்றார் இன்னொருவர். எழுதியவர் இந்தப் பக்கத்துக்காரர்தான், இருப்பதை இருக்கிறபடி எழுதுகிறவர் என்று பெருமையாகச் சொன்னேன். தலைப்பாகை கட்டிய ஒரு ஆள் சிரித்தார். "பொய்ப் படம். சித்தூர் ஜில்லால இவ்ளோ பச்சை எங்க கீது? வர்ணம் கிடைச்சா ஊத்தினு போறான்" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மூன்று நாள் இலை இலையாக எழுதிய மனிதரைப் பொய்யன் என்கிறானே! "பொய்யா? கண்டிகைக்கு மேற்க ரெண்டு மைல் போங்க. கரிஞ்ச மலை மேல ரெண்டு பாறை ஒட்டிக்கிட்டு நிக்குதுல்ல, அதுக்கு நடுவுல நுழைஞ்சு பாருங்க. நான் என் கண்ணால பாத்தேன்!" என்று கத்திவிட்டேன்.

தலைப்பாகைக்காரர் கூட்டத்தை விட்டு விலகிப் போய் உட்கார்ந்தார். எனக்கு ஒரே வெற்றி. குடைப் பெரியவர் மட்டும் படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இது மருதம் போல இருக்குதே. இன்னா பருமன் இருக்கும்?" என்றார் மெதுவாக. நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, "இதுபோல மூணு ஆளு வேணும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு இலையை அழகாக மடித்து எறிந்தார். கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

திருத்தணி பஸ் நிற்கிற இடத்தில் புரிந்தது. அங்கே ஒரு கரி டிப்போ. பெரியவர் இறங்கியதும் டிப்போ ஆட்கள் எழுந்து நின்றார்கள். "இந்த வண்டிக்கு ஈரக் கரி போட்டது எவன்?" என்று அவர் அதட்டினார். கிளீனரிடம் அவர் யார் என்று கேட்டேன். "இந்த லைன்ல ஓடற எல்லா பஸ்ஸுக்கும் அவருதான் சார் கரி கன்ட்ராக்டரு" என்றார்.

வண்டி அங்கே அரை மணி நேரம் நின்றது. இறங்கியிருந்தால் இருட்டுமுன் கால்நடையாகவே முனிரத்தினத்தின் வீட்டுக்குப் போயிருக்கலாம். போய், "இப்படி உளறிவிட்டேன், ஆட்டுக்காரர்களைக் கூட்டிக் காவல் வையுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். நான் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. முதலாளி காத்திருப்பார், பெரியவர் மறந்துவிடுவார், நல்ல மனிதர், சோறு போட்டவர் என்று வரிசையாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வண்டி புறப்பட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் கெடுத்தது என்னை அல்ல.

ஊர் வந்து ஒரு கார்டு எழுதினேன். "படம் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. மடுவை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளவும்." ஏன் என்று எழுதவில்லை. முனிரத்தினம் அந்த ஜில்லாப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு மட்டும் படித்தவர்; தமிழ் பேசுவாரே தவிரப் படிக்க வராது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் தமிழில் எழுதினேன்.

காலண்டர் பிரமாதமாக வந்தது. எங்கள் ஆள் மருதத்தின் அடியில் முருகனை நிறுத்தி, மடு ஓரத்தில் மயிலை விட்டார். முதலாளி சிரிக்காமல் என்னைப் பாராட்டினார். அடுத்த பங்குனியில், முனிரத்தினத்துக்குச் சேர வேண்டிய காலண்டர் கட்டோடு மறுபடி திருத்தணிக்கு என்னையே அனுப்பினார்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, "சார்! வாங்க, வாங்க!" என்று ஒரு குரல். குடைப் பெரியவர். கையைப் பிடித்து டிப்போவுக்குள் அழைத்துப் போனார். சுவரில் எங்கள் காலண்டர். அதன் கீழே, கூரை தொடும் அளவுக்குக் கரி மூட்டைகள்.

"உங்க படத்த மாட்டிகினு தினம் கும்பிடறேன். எடம் சொன்னீங்களே, நல்ல எடம் சார். அந்த மாதிரிக் கரி இந்தப் பக்கத்துல இனிமே வராது" என்றார். அதில் கேலி இல்லை. மனசாரச் சொன்னார். காபி வரவழைத்தார். நான் அந்தக் காபியைக் குடித்தேன்.

முனிரத்தினத்தின் வீட்டில் எதைத் தொட்டும் கை கறுப்பாகவில்லை. அதை முதலில் கவனித்தேன். சுவரோரம் இருந்த படக்கட்டும் இல்லை. காலண்டரைக் கொடுத்தேன். அவர் பிரித்து, மடுவைப் பார்த்து, மயிலைப் பார்த்து, மறுபடி சுருட்டி வைத்துவிட்டார்.

ராஜம்மாதான் சொன்னார். மாசி மாதம் மடுவுக்குள் தீ. புல்லே இல்லாத, தரை ஈரம் காயாத இடத்தில் தீ. நாலு நாள் எரிந்ததாம். அணைந்ததும் பட்ட மரம் என்று கோடாலிக்காரர்கள் வந்துவிட்டார்கள். தண்ணீர் ஒரு மாதத்தில் வற்றிவிட்டது. ஆட்டுக்காரர்கள் ஆட்டை ஓட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டார்கள். போகும்போது வாசலில் நின்று முனிரத்தினத்தைத் திட்டிவிட்டுப் போனார்களாம்.

"இவர ஏன் திட்டணும்?" என்றேன்.

"இவரு படம் போட்ட மரம் எல்லாம் எரிஞ்ச மரம்தானே சார். இதையும் போட்டாரு, இதுவும் எரிஞ்சு பூட்சு, இவரு கைதான் ராசி இல்லாத கைன்னு சொல்றாங்க. இவரும் அதையே புடிச்சிகினு குந்திகீறாரு. இருந்த படத்தெல்லாம் அடுப்புல போட்டாரு. நான் சொன்னா கேக்கல. நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லுங்க. படம் போட்டா மரம் எரியுமா?"

"எரியாது" என்றேன்.

முனிரத்தினம் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பின்ன எப்படி எரிஞ்சுது சார்? அந்த எடம் யாருக்குத் தெரியும்?"

கேட்டது சந்தேகப்பட்டு அல்ல. நான் சொல்லியிருக்கக் கூடும் என்பது அவர் மனசில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் மலைமேல் சத்தியம் செய்தவன். யாராவது தன் கையைக் குற்றத்திலிருந்து விடுவித்தால் போதும் என்று கேட்டார். ஒரு வார்த்தை போதும். ராஜம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். புளியமரத்தடியில் கேட்காமலே கொட்டிய வாய் அது.

"தெரியலியே" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ராஜம்மா வேர்க்கடலைக் கூடையை என் பக்கம் நகர்த்தி, "சாப்பிடுங்க சார்" என்றார்.

அன்றே புறப்பட்டேன். முனிரத்தினம் கண்டிகை வரை கூட வந்தார். வழியில் அந்த மலை. இரண்டு பாறைகள் நின்றன. நடுவில் வானம் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் வந்ததும் வண்டியின் முதுகுப் பக்கம் போய், மூட்டையிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். "மருதம்" என்று சொல்லி, அதைத் திரும்ப மூட்டையிலேயே போட்டுவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. மேடு வந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தள்ளுவதற்காக எழுந்து படிக்கு அருகே வந்து நின்றேன்.

"குந்துங்க சார். இப்பல்லாம் யாரும் எறங்க வேணாம். நல்ல கரி, நின்னு எரியும்" என்றார் டிரைவர்.

பஸ் ஒரு முறைகூடத் திணறாமல் மேட்டில் ஏறியது.

இதை எழுதும் இந்நாளில் யுத்தம் முடிந்துவிட்டது, பெட்ரோல் வந்துவிட்டது, கரி டிப்போவில் வேறு கடை வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். முனிரத்தினம் அப்புறம் எந்தப் படமும் எழுதவில்லை என்று வெல்லமண்டிக்காரரின் கடிதத்தில் கண்டிருந்தது. கண்டிகைப் பக்கம் போகிற யாராவது அவரைப் பார்த்தால், எரிந்தது அவர் கையால் அல்ல, என் வாயால் என்று சொல்லிவிடுங்கள். நானே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். குறைந்தது, தெலுங்கு தெரிந்தவர் யாரையாவது பிடித்து ஒரு கடிதமாவது எழுதியிருக்க வேண்டும். எங்கள் அச்சுக்கூடத்திலேயே தெலுங்கு எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார், என் மேஜைக்கு எதிர்மேஜை. நான் இதையும் தமிழில்தான் எழுதியிருக்கிறேன்.